மனைவிக்கு ஒரு கேமரா: தருவதும் கொடுப்பதும்

இந்த மாதத்தில் மட்டும் ஆய்வு நண்பர்கள் மூவர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டனர். பிறந்த நாளுக்கோ திருமண நாளுக்கோ மனைவிக்கு ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா பரிசளிக்க விரும்புகின்றனர். எந்த மாடலை வாங்கலாம்? அண்மையில் என் மனைவிக்கு நான் ஒன்று வாங்கியதை அவர்கள் அறிவர். மாடலின் பெயரைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வது எளிது. ஆனால் அந்தக் கேமராவை வாங்கும் முன் நான் செய்யவிருந்த தவறு அவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும் என்று தோன்றுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். பரிசாகத் தரும் கேமராவை, வாங்குபவருக்குக் கேமரா பற்றி என்ன தெரியும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பெறுபவர் ஏற்கெனவே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள அவரிடம் கேட்டாக வேண்டும். ஆகவே, திடீரென்று கையில் வைத்து வியப்பில் ஆழ்த்தும் பரிசுக்குக் கேமரா பொருந்தாது.

என் கதைக்கு வருகிறேன். இளநிலை ஆய்வாளருக்கான உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதத்துக்கு 37,000 ரூபாய். தில்லியில் வாடகையும் செலவும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பல மாதங்கள் சேர்த்த பணத்தை முன்வைத்து நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். அதில் முதலிடத்தில் இருந்தது பழைய சந்தையில் கிடைக்கும் நிக்கான் டி750. 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்டக சென்சார் கொண்டது. அதனோடு 70-300 மி.மீ. தொலைநோக்கு லென்ஸ் ஒன்று. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தில்லிச் சாலையோரத்து முள்ளிலவ மரங்கள் இலையுதிர்த்துச் செந்நிறமாகப் பூக்கும்போது, தேன் குடிக்க மைனாக்களும் கொண்டைக்குருவிகளும் வந்து மொய்க்கும். என் மனைவி ஒவ்வோராண்டும் அந்த மரங்களின் கீழே நின்று நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே அவருக்குப் பறவைகளைப் படமெடுக்கும் கருவி வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். இரண்டையும் சேர்த்தால் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டும் என்பதை அறிந்திருந்தும் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பட்டியல் என் மடிக்கணினியில் திறந்திருந்தபோது அவர் பார்த்துவிட்டார். முழுவதையும் படித்துவிட்டு, "இது யாருக்கு? எனக்கா, உங்களுக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் பறவைகளைப் பற்றிச் சொன்னேன். "நான் என்றைக்குப் பறவையைப் படம் எடுத்தேன்?" என்றார்.

அன்றிரவு அவருடைய அனுமதியோடு அவர் கைப்பேசியிலிருந்த படங்களைப் பார்த்தேன். இரண்டாண்டுகளுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் பறவை ஒன்றுகூட இல்லை. தரையில் விழுந்து கிடந்த முள்ளிலவம்பூக்கள், அவற்றின் தடித்த இதழ்களில் ஊரும் எறும்புகள், மே மாதத்துச் சரக்கொன்றையின் உதிர்ந்த இதழ்கள், வேப்பமரப் பட்டையின் வெடிப்புகள், இலையின் அடிப்புறத்தில் வரிசையாக ஒட்டியிருந்த முட்டைகள், மழைக்குப் பின் சுவரில் படர்ந்த பாசி. ஏறத்தாழ அனைத்துமே கைக்கெட்டும் தொலைவில் எடுக்கப்பட்டவை. பலவற்றில் மிக அருகே போனதால் படம் கலங்கியிருந்தது. பள்ளியில் உயிரியல் கற்பிப்பவர் அவர். மரத்தடியில் நின்றபோதெல்லாம் அவர் அண்ணாந்து பார்ப்பதாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாண்டுகளாக உடனிருந்தவனுக்கு இது தெரியவில்லை.

நான் தேர்ந்தெடுத்திருந்த தொலைநோக்கு லென்ஸ் ஒரு மீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள எதையும் குவிக்காது. அவர் பார்க்கும் உலகம் முழுவதும் அந்த ஒரு மீட்டருக்குள் இருக்கிறது. என் பணம் முழுவதையும் செலவழித்து, அவர் பார்க்கும் எதையும் படமெடுக்க இயலாத ஒரு கருவியை அவருக்குப் பரிசளிக்கவிருந்தேன்.

மொழியியல் படித்தவன் என்பதால் இந்தத் தவறு எனக்கு ஓர் இலக்கணச் செய்தியை நினைவூட்டியது. தருதல், கொடுத்தல் ஆகிய இரண்டையும் தொல்காப்பியம் ஒன்றாகக் கருதுவதில்லை. கிளவியாக்கத்தின்படி தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. கொடுத்தல் படர்க்கைக்கு உரியது. எனக்குத் தருவர், உனக்குத் தருவேன், அவருக்குக் கொடுப்பேன். மலையாளம் இந்த வேறுபாட்டை இன்றும் கண்டிப்பாகக் காக்கிறது. இன்றைய தமிழில் அது பெரிதும் நெகிழ்ந்துவிட்டது. எச்சவியல் வேறொரு பாகுபாட்டையும் கூறுகிறது. ஒரு பொருளை வேண்டும்போது தாழ்ந்தோன் 'ஈ' என்றும், ஒத்தோன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் சொல்வர். இரு பாகுபாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், 'தா' என்பது எதிரில் இருப்பவரிடம், சமமானவரிடம் நிகழும் செயலைக் குறிக்கும் சொல்லாக நிற்கிறது.

கேமரா மதிப்புரைகள் அனைத்தும் படர்க்கைக்காக எழுதப்படுபவை. 'தொடக்கநிலையாளருக்கு ஏற்றது', 'பயணிகளுக்கு ஏற்றது', 'பெண்களின் கைக்கு அடக்கமானது' என்று அவை பேசும். அவற்றை எழுதுபவர் என் மனைவியை அறியமாட்டார். ஆகவே அவரிடம் குற்றமில்லை. அந்த மதிப்புரைகளைப் படித்து அதே மொழியில் என் வீட்டில் இருப்பவரைப் பற்றி நானும் எண்ணத் தொடங்கியதே குற்றம். எதிரில் அமர்ந்திருக்கும் முன்னிலையை நான் படர்க்கையாக்கினேன். தர வேண்டியதைக் கொடுக்க முனைந்தேன்.

பட்டியலை அழித்துவிட்டு இருவரும் சாந்தினி சௌக்கின் குச்சா சௌத்ரி கேமராச் சந்தைக்குச் சென்றோம். அங்கே நடந்தது நண்பர்கள் பலருக்கும் பழகிய காட்சியாக இருக்கும். கேள்வி கேட்டவர் என் மனைவி. கடைக்காரர் பதில் சொன்னது என்னிடம். கேமராவைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்தவர் அதை நீட்டியதும் என் கையில்தான். "மேடத்துக்கு ஆட்டோ மோடே போதும் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மேடம் படர்க்கை, நான் முன்னிலை. ஆனால் மேடம் நின்றதோ அவருக்கு நேர் எதிரில். சற்று முன்புவரை நானும் அதே இலக்கணத்தைத்தான் பின்பற்றிக்கொண்டிருந்தேன் என்பதால், அவர்மீது கோபப்படும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

இக்காட்சிக்குப் பின்னால் நெடிய வழக்கம் ஒன்று இருக்கிறது. நம் குடும்பங்களில் கேமரா பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்துவந்திருக்கிறது. தமிழில் 'படம் எடுத்தார்' என்பதற்கும் 'படம் எடுத்துக்கொண்டார்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். 'கொள்' என்னும் துணைவினை சேர்ந்ததும், படமெடுத்தவர் என்ற பொருள் படத்தில் இடம்பெற்றவர் என்று மாறிவிடக்கூடும். என் தந்தை வாழ்நாள் முழுவதும் படம் எடுத்தார். என் தாய் வாழ்நாள் முழுவதும் படம் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டு ஆல்பத்தில் தந்தை அரிதாகவே தென்படுவார். ஆனால் ஒவ்வொரு படமும் அவர் பார்த்த பார்வை. தாய் எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறார். அவர் என்ன பார்த்தார் என்பதற்கு எந்தப் பக்கத்திலும் சான்றில்லை.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் என்று அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் வாழ்வில் இந்தச் சிக்கலின் இரு பக்கங்களும் தெரிகின்றன. 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த அவருக்கு ஒளிப்படக் கலையை அறிமுகப்படுத்தியவர் பின்னாளில் கணவரான மானெக்‌ஷா. தொடக்கத்தில் ஹோமாய் எடுத்த படங்கள் மானெக்‌ஷாவின் பெயரில் வெளியாயின. 1942இல் தில்லிக்கு வந்து, விடுதலையையும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளையும் படம்பிடித்தவர் என்ற புகழ் அவருக்கே உரியதாக நிலைத்தது. 2011இல் பத்ம விபூஷண் விருதைப் பெற்றார். ஒரு கணவர் மனைவிக்குக் கலையைக் கற்றுத்தரவும் கூடும். மனைவியின் படத்தின்கீழ் கணவரின் பெயர் அச்சாகவும் கூடும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் நிகழ்ந்திருக்கின்றன. கேமராவைப் பரிசளிப்பவர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

கடையில் என் மனைவி செய்த தேர்வை இனிச் சொல்கிறேன். அவர் முதலில் பார்த்தது மெகாபிக்சலை அன்று, திரையை. தரையில் கிடக்கும் பூவைப் படமெடுக்க ஒவ்வொரு முறையும் மண்டியிட்டுக் குனிய முடியாது. எனவே வெளியே விரிந்து திரும்பும் திரை வேண்டும் என்றார். இது எந்த நிலையிலும் என் பட்டியலுக்குள் வந்திராத அளவுகோல். அடுத்து, அவர் மூக்குக்கண்ணாடி அணிபவர். வியூஃபைண்டரின் அருகே பார்வைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. கண்ணாடியுடனும் இல்லாமலும் அதைத் திருப்பிப் பார்த்து, எந்தக் கேமராவில் சட்டகத்தின் நான்கு மூலைகளும் தெரிகின்றன என்று சோதித்தார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் பொத்தான்களை எட்டுகின்றனவா என்று பார்த்தார். இவை எதையும் அவருக்குப் பதிலாக நான் சோதித்திருக்க முடியாது.

இறுதியில் எடுத்தது பழைய நிக்கான் டி5600 பாடியும், டிஎக்ஸ் வகை 40 மி.மீ. எஃப் 2.8 மைக்ரோ லென்ஸும். பாடி மின்கலத்தோடும் நினைவக அட்டையோடும் 465 கிராம். லென்ஸ் 235 கிராம். சரியாக 700 கிராம். என் பட்டியலின் எடையில் பாதிக்கும் குறைவு. அந்த லென்ஸ் பொருளை ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் சென்சாரில் பதிக்கும். சென்சாரின் அகலம் 23.5 மி.மீ.; ஆக, அதே அகலமுள்ள ஒரு விதை படத்தின் முழு அகலத்தையும் நிரப்பும். குறையும் உண்டு. அந்த அளவுக்கு நெருங்கினால் லென்ஸின் முகப்பு பொருளிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கும். கேமராவின் நிழலே பொருள்மீது விழும். தெளிவாகத் தெரியும் ஆழமும் மிகக் குறைவு. துளையை எஃப் 8, எஃப் 11 என்று சுருக்க வேண்டும், அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும். மொத்தச் செலவு ஒரு மாத உதவித்தொகையைச் சற்றே தாண்டியது.

இதே இணையை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மனைவி வகுப்பறைக் குழந்தைகளைப் படமெடுப்பவராக இருந்தால் அவருக்கு வேறு லென்ஸ் வேண்டும். பழைய கட்டடங்களைப் படமெடுப்பவராக இருந்தால் இன்னொன்று. எவருக்கும் பொருந்தும் அறிவுரைகள் சிலவே. பாடிக்குக் குறைவாகவும் லென்ஸுக்குக் கூடுதலாகவும் செலவிடலாம். பாடி பழையதாகும், நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் உதவும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் குவிய மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் மட்டுமே தாமாகக் குவியும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்கினால் கையால்தான் குவிக்க வேண்டியிருக்கும். பழைய பாடி எத்தனை முறை ஷட்டரை இயக்கியிருக்கிறது என்பதைப் பாருங்கள். நிக்கானில் புதிதாக எடுத்த ஒரு படத்தின் கோப்பிலிருந்தே அந்த எண்ணை அறியலாம். டி5600இன் ஷட்டர் 1,00,000 இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது. லென்ஸின் ஒரு முனையில் டார்ச் ஒளியைப் பாய்ச்சி மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, கண்ணாடியில்லா மிர்ரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு டிஎஸ்எல்ஆர் எதற்கு? நியாயமான கேள்வி. 2020க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. ஓடும் குழந்தையின் கண்ணைத் தொடர்ந்து குவிப்பதிலும் காணொளி எடுப்பதிலும் மிர்ரர்லெஸ் மேலானது. அவை தேவையெனில் அதையே வாங்குங்கள். ஆனால் ஒரு தொழில்நுட்பத்தின் அந்திக்காலம் ஆய்வு மாணவர்களுக்கு நற்காலம். புதுமையை விரும்புவோர் விற்றுவிட்டுப் போகும் கருவிகளும் லென்ஸ்களும் குறைந்த விலையில் சந்தையை நிறைக்கின்றன. தரையில் அசையாமல் கிடக்கும் பூவுக்கு அதிவேகக் குவியம் தேவையில்லை.

இரண்டாவது, கைப்பேசியே போதாதா? பலருக்குப் போதும். வெளியே செல்லும்போது 700 கிராமைச் சுமக்க ஒருவர் விரும்பவில்லையென்றால், அவருக்குக் கேமரா வாங்குவது அவர்மீது ஒரு கடமையைச் சுமத்துவதாகும். பரிசளித்த பின், "இவ்வளவு செலவழித்தேனே, ஏன் எடுப்பதே இல்லை?" என்று கேட்க நேர்ந்தால், அந்தப் பரிசு கடனாக மாறிவிட்டது என்று பொருள். என் மனைவியின் கைப்பேசிப் படங்களில் கலங்கிப்போனவை பல இருந்ததாலும், அவற்றை அழிக்காமல் அவர் வைத்திருந்ததாலும்தான், அவர் ஏதோ ஒன்றை எட்ட முயன்று எட்டாமல் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உங்கள் வீட்டில் அத்தகைய தடயம் எதுவும் இல்லையெனில் அந்தப் பணத்தில் வேறு பரிசு வாங்குங்கள்.

கடைசியாக, பரிசு தந்த பின் என்ன செய்வது என்பது பற்றி. நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்கு விளக்கம் சொல்லாமல் இருப்பது கடினம். துளை, வேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றின் உறவை வரைபடத்தோடு விளக்க என் நாக்கு துடித்தது. அவர் கேட்கும்வரை விளக்குவதில்லை என்று முடிவு செய்தேன். அவர் கேட்டது ஒரே ஒரு முறை. அதுவும் நினைவக அட்டையைப் பூட்டும் சிறு விசை எது என்று. மற்றவற்றை அவர் கையேட்டைப் படித்தும் தவறு செய்தும் கற்றுக்கொண்டார். கேமராவை நான் இரவல் கேட்பதில்லை. கள ஆய்வுக்குக்கூட என் கைப்பேசியே போதும். அவர் எடுத்த படங்களை நான் பகிர்வதும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவோடு படம் எதுவும் இல்லை.

நினைவக அட்டையில் இதுவரை என்ன இருக்கிறது என்று எனக்கு முழுமையாகத் தெரியாது. நான் இருக்கும் படங்கள் மூன்று என்று அவர் சொன்னார், காட்டவும் செய்தார். மூன்றிலும் நான் யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறேன்.